பவித்ராவுக்காக நான் சொன்ன பதில்

ஜனவரி 7, புதன்

காலையில் பனி. ஏரி தெரியவே இல்லை. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. அடிபைப்பில் உப்புத் தண்ணீர்தான்.

பதினொரு மணிக்குக் கணக்கெடுக்கும் பெண் வந்தாள். உப்புத் தண்ணீர் குடிக்கும் ஊர்களில் கரு எப்படித் தங்குகிறது என்று ஆராய்ச்சியாம். கேட்டது என் மருமகள் பவித்ராவிடம். பதில் சொன்னது நான்.

வயது 23. கல்யாணமாகி மூன்று வருடம். இப்போது நான்காம் மாதம்.

"இதுக்கு முன்னாடி கரு கலைஞ்சிருக்காம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பவித்ரா தலையைத் தூக்கவில்லை.

முன்பு கலைந்தவர்களுக்கு ஒரு சீட்டு தருகிறாள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் தனிக் கவனம். பக்கத்து வீட்டு லட்சுமியின் மருமகளுக்குக் கிடைத்தது. எங்களுக்கு இல்லை.

லட்சுமி வேறு: "உன் மருமவளுக்கு இன்னாக்கா, கொடுத்து வச்சவ."



ஜனவரி 8, வியாழன்

ஊரில் யார் வீட்டில் எப்போது பிள்ளை பிறந்தது என்று தேதியோடு இந்த நோட்டில் இருக்கும். இதை மட்டும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

போன வருடம். என் மகன் முருகனுக்குப் பாடு வந்த வாரம். ஏரியில் நல்ல இடத்தில் வலை போட ஒவ்வொரு வீட்டுக்கும் வரும் முறைதான் பாடு. விட்டால் மறுபடி வர நாளாகும். கரு கலைந்தால் வீட்டுக்கே தீட்டு; தீட்டு வீட்டு ஆள் வலையைத் தொடக் கூடாது. பவித்ராவுக்கு இரண்டு மாதம். மூன்று முடியட்டும் என்று மகனிடம்கூடச் சொல்லவில்லை. விடியற்காலையில் உதிரம் போய்விட்டது. கதவைச் சாத்தினேன். துணியை நானே அலசினேன். சந்தேகம் வரக் கூடாதென்று மறுநாள் அவளையே தண்ணீர் பிடிக்க அனுப்பினேன். இரண்டு குடம். வெள்ளிக்கிழமை அம்மன் கோவிலுக்கும் கூட்டிப்போனேன். தீட்டோடு.

இறால் நன்றாக விழுந்தது. அம்மன் புண்ணியம் என்றான் மகன். தலையாட்டினேன்.

மாலை அவளிடம் பேச்செடுத்தேன். "நேத்து நான் சொன்னது தப்பும்மா."

"உடுங்க அத்த. அந்தக்கா திரும்ப வந்து தனியா கேட்டாங்க. நானும் இல்லன்னுட்டேன்."

"ஏண்டி?"

"நீங்க இல்லன்னுட்டீங்க. நான் வேற மாரி சொன்னா உங்க மரியாத இன்னா ஆவுறது?"

விளக்கேற்றவில்லை. எந்த முகத்தோடு.

ஜனவரி 9, வெள்ளி

குளிர் குறைவு. தலைக்குக் குளித்தேன்.

கணக்கெடுக்கும் பெண் மத்தியான பஸ்ஸில் போகிறாள் என்றார்கள். ரேஷன் கடை வாசலில் இருந்தாள், சுற்றி ஏழெட்டுப் பெண்கள், லட்சுமியும். தனியாகக் கூப்பிட நினைத்தேன். பவித்ரா கூட வந்திருந்தாள். மறைத்தது போதும்.

"எங்க வீட்டு பதில மாத்தணும்மா. இவளுக்குக் கலைஞ்சிருக்கு. நான்தான் மறைச்சேன்."

"எப்பக்கா?" என்றாள் லட்சுமி. பிறகு அவளே, "பாடு வந்தப்பவா?"

"ஆமா."

ஒருத்தி, "தீட்டோட வல இறக்கினாங்களா?" என்று பக்கத்தில் கேட்டாள். குனிந்துகொண்டேன்.

அந்தப் பெண் பழைய பதிலை அழித்தாள். "எத்தன தடவம்மா?"

"ஒரு தடவ."

என் பின்னாலிருந்து பவித்ரா, மெதுவாக: "ரெண்டு, அத்த."

திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது எப்போம்மா?"

"அடுத்த பாடு வந்தப்போ. நானே கதவ சாத்திக்கினேன்."