சிவப்பு நூலால் தைத்த பன்னிரண்டு மூட்டைகள்

அனுப்புநர்:
மூட்டை தைக்கும் பெண் (வயது 16),
உப்புக் கொட்டகை.

பெறுநர்:
உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: அயோடின் சேர்க்காத உப்பை, சேர்த்ததாகச் சொல்லி விற்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முதலில் கவனித்தது அம்மாவின் சீருடைக் காலர் பித்தானை. அதைப் பூட்ட முடியவில்லை. கொட்டகையில் அவரோடு உப்பு அள்ளும் மூன்று அக்காக்களுக்கும் பூட்ட முடியவில்லை. எல்லோருக்கும் கழுத்தின் முன்பக்கம் வீங்கியிருந்தது. காலர் திறந்திருந்தால் மேற்பார்வையாளர் உள்ளே விடமாட்டார். "கழுத்துல என்னம்மா, மத்தியானச் சோத்த ஒளிச்சு வச்சிருக்கியா?" என்று கேட்டு, எல்லோரும் பார்க்கப் பூட்டச் சொல்வார். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பூட்டுவார்.

2. கொட்டகையில் அயோடின் தெளிப்பது மாதம் பன்னிரண்டு மூட்டைக்கு மட்டுமே. அவற்றைச் சிவப்பு நூலால் தைத்து முன்வரிசையில் அடுக்குவோம். தாங்கள் சோதனை மருந்தைச் சொட்டு விட்டு, உப்பு நீலமானதும் அயோடின் இருக்கிறது என்று கையெழுத்திடுவது அவற்றைப் பார்த்துத்தான். மற்றவை வெள்ளை நூல். கடைகளுக்குப் போவதும், எங்களுக்கு இலவசமாகத் தருவதும் அதுவே. எட்டாம் வகுப்போடு நின்ற என்னைத் தையலுக்கு எடுத்தபோது மேற்பார்வையாளர், "இந்த ஊமைக்கோட்டானையே போடு. வாயத் தொறக்காது" என்றார். மூன்றரை வருடமாக நானும் திறக்கவில்லை.

3. என் தங்கைக்கு மூன்று வயது. நடக்கவில்லை, பேசவில்லை. அம்மா வயிற்றில் இருந்தபோதே அயோடின் போதவில்லை, தைராய்டு சரியில்லை என்றார் டாக்டர். "என்ன உப்பும்மா வாங்குறீங்க?" என்று கேட்டார். அம்மா பெருமையாக, "எங்க கம்பெனி உப்புதான் டாக்டர். எம் பொண்ணே தைக்கிறா" என்று என்னைக் காட்டினார்.

4. அம்மா இப்போது மறுபடியும் நான்கு மாதம். வெளியே வாங்கலாம் என்று மூன்று கடை ஏறினேன். மூன்றிலும் நான் தைத்த மூட்டைதான் இருந்தது.

5. தங்களுக்கு இது தெரியாது என்றே நம்புகிறேன். நாளை தாங்கள் வருவதால் சிவப்பு மூட்டைகளைத் தயார் செய்யச் சொன்னார்கள். தாங்கள் வேறெங்கும் தேடிச் சிரமப்பட வேண்டாம். வழக்கம்போல முன்வரிசையிலேயே, வேலையாட்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொட்டு விட்டுப் பார்த்து, கண்ணில் படுவதை அப்படியே எழுதி நடவடிக்கை எடுக்கும்படி மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பன்னிரண்டு மூட்டையிலும் அயோடின் தெளிக்காத உப்பைக் கொட்டி, சிவப்பு நூலால் தைத்து வைத்திருக்கிறேன்.

நாள்: புதன்கிழமை, 12ஆம் தேதி
இடம்: கொட்டகை, தையல் மேசை

இப்படிக்கு,
மூட்டை தைக்கும் பெண்
(கையொப்பம்)