வேட்டியில் வடிகட்டிய சால்னா

அன்புள்ள சங்கரேஸ்வரிக்கு,

குற்றாலம் பரோட்டாக் கடையிலிருந்து உன் வீட்டுக்காரன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? போனில் சொன்னால் திருப்பூர் முழுக்கக் கேட்கிற மாதிரி மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அதனால்தான் கடிதம்.

அண்ணனைக் கொண்டுபோன குடல் நோய் எனக்கும் இருக்கிறதா என்று குழாய் விட்டுப் பார்க்கத் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனேன். முந்தின நாள் பேதி மருந்து. கலங்கலில்லாத நீர் ஆகாரம் மட்டும் என்றார்கள். நான் ஓடிய ஓட்டத்துக்கு அருவிக்கு வந்த கூட்டமே வழிவிட்டது. பசி தாங்காமல் கடையில் நான் வைத்த சால்னாவை வேட்டியில் நாலு தடவை வடிகட்டிக் குடித்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவு!

மறுநாள் நர்ஸ், "நேத்து என்ன குடிச்சிய அண்ணாச்சி?" என்றாள். பெருமையாகச் சொன்னேன்.

"சால்னாவா? செவப்பா எதுவும் கூடாதுன்னு சொன்னம்லா! உள்ள பாத்தா ரத்தம் மாதிரில்லா தெரியும். போயிட்டு அடுத்த வாரம் வாங்க."

மறுபடியும் உப்புத் தண்ணீர் மாதிரி அந்தப் பேதி மருந்து! மனிதன் குடிப்பானா? இந்தத் தடவை வெறும் இளநீரோடு கிடந்தேன். பார்த்துவிட்டு டாக்டர், "ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு" என்றார். இப்படியொரு குடலை அவர் சர்வீஸிலேயே பார்த்ததில்லையாம்.

எனக்கு எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: மயக்க மருந்து கொடுத்திருந்தபோது நான் "ஏட்டி சங்கரி, எங்கன இருக்க?" என்று கத்திக்கொண்டே கிடந்தேனாம். நர்ஸ் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அதெல்லாம் மருந்து பேசியது.

இருந்தாலும் சீசன் முடிவதற்குள் ஒரு எட்டு வந்து போ. வரும்போது போர்வை கொண்டு வா. சாரல் குளிர் தாங்கவில்லை. முதலாளி கூப்பிடுகிறார்.

முத்துச்செல்வம்