ஹோல்ராய்ட் விட்டுக்கொடுத்தார்

டெவன்,
நவம்பர் 1868

அன்பு மகள் கெஸியாவுக்கு அம்மா எழுதுவது. நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், உள்ளபடி எழுதினால் நீ பயந்துவிடுவாய், இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்.

உன் அப்பாவுக்கு வயிற்று உபாதை தீரவில்லை. ஈரத்துணியைச் சுற்றிப் படுக்கச் சொன்னார் வைத்தியர், சுற்றினோம், இருமலும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். கஞ்சிகூட வயிற்றில் தங்குவதில்லை. கை நடுங்குவதால் கடிதங்களை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன். வடக்கே யார்க்ஷயரில் இருக்கும் ஹோல்ராய்டை உனக்கு நினைவிருக்கும், நத்தைகளைப் பற்றி அப்பாவோடு வருஷக்கணக்காகக் கடிதத்திலேயே சண்டை போடுகிறவர், நேரில் ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. நம் குன்றிலுள்ள வரிநத்தையும் அவர் ஊர் நத்தையும் ஒரே இனம் என்பார் அப்பா, வேறுவேறு என்பார் அவர். அவருக்கும் இப்போது நெஞ்சில் நோய். பாதிக் கடிதம் நத்தை, மீதிப் பாதி யாருக்கு எந்த மருந்து கேட்கவில்லை என்பது.

போன மாதம் ஹோல்ராய்டின் கடிதம் அவர் தங்கை தபிதாவின் கையெழுத்தில் வந்தது. யோசித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதே சரி, ஒரே இனம்தான் என்று. நான் சந்தோஷமாகப் படித்துக் காட்டினேன், அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "அந்தாளு நல்லா இருந்தா இத ஒத்துக்குவானா, ஹெஸ்டர்? சாகப்போறான். அதான் எனக்கு விட்டுக்குடுக்கறான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுக்க வாயில் ஒன்றும் வைக்கவில்லை.

மறுநாள் ஹோல்ராய்டுக்குப் பதில் எழுதச் சொன்னார் அப்பா. நானும் நத்தைக் கூடுகளை மறுபடி பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி, வேறுவேறு இனம் என்று. அவர் எங்கே பார்த்தார், கூடுகள் இருக்கும் பெட்டியைத் திறக்கவே தெம்பில்லை. எனக்கோ மணிக்கட்டு வலி, இந்தப் பொய்க்குப் பக்கம் பக்கமாக ஆதாரம் வேறு சொல்கிறார். எழுதி அனுப்பினேன்.

இந்த வாரம் பதில் வந்தது, ஹோல்ராய்டின் சொந்தக் கையெழுத்தில், கோணல்மாணலாக. "பாவம்னு பாத்து என்னை ஏமாத்தறீரா? நான் ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான். உம்ம ஆதாரத்துல ஒண்ணுகூடத் தேறாது ஓய்!" இதை எழுதுவதற்காகவே எழுந்து உட்கார்ந்தார் என்று தபிதா அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார், பிறகு ஆட்டிறைச்சி சூப் கேட்டார், அது வயிற்றில் தங்கியது. "எழுது ஹெஸ்டர், அவன் பழைய பேச்ச அவனே மறுக்கறான், விடமாட்டேன்" என்கிறார். நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன், கெஸியா, எப்போது படுத்தேன், எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை.

வைத்தியர் என்னை வாசலில் நிறுத்திச் சொன்னதை இங்கே எழுத மனம் வரவில்லை, நீ புரிந்துகொள்வாய். கைக்குழந்தையோடு கப்பலேற வேண்டாம், வந்து சேர்வதற்குள் என்ன ஆகுமோ. குழந்தையின் மார்புக்குக் கம்பளித்துணி கட்ட மறக்காதே. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. அதில் உடம்பு எப்படி என்று கேட்காதே, அழாதே. அவர் சொன்னது எதையாவது எடுத்துத் தப்பு என்று எழுது.

ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக.

உன் அம்மா
ஹெஸ்டர்