மூன்று வேளை மருந்து ஒரே வேளையில்

காஜா பேராங், மலாக்கா
22-7-1957

அன்புத் தங்கை சிவகாமிக்கு அக்கா பாக்கியலட்சுமியின் ஆசிகள்.

எழுத்தைப் பார்த்து நம்பியிருக்க மாட்டாய். நானேதானடி எழுதுகிறேன்! ஆறு வருஷமாக மூட்டுவாதத்தில் மடங்காத விரல்கள், நீ கூட்டிப்போன சிங்கப்பூர் டாக்டரின் கோர்ட்டிசோன் மாத்திரையைத் தின்ற ஐந்தாம் நாளே பேனா பிடித்துவிட்டன. உன் அத்தான் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அலாமாக், இது மருந்தா மந்திரமா?" என்று மலாய்க்காரர் மாதிரி வியக்கிறார். நீ நர்ஸானதில் எனக்கும் ஒரு லாபம், போ!

மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருக்கிறேன். பொழுது சாய்ந்து ஒரு வேளைதான் சோறு. மருந்தை விடவில்லை. மூன்று வேளை மாத்திரையும், பழைய ஆஸ்பிரின் தூள் மூன்று பொட்டலமும் சோற்றுக்கு முன்னே ஒன்றாய் விழுங்கிவிடுகிறேன்.

அக்கா

சிங்கப்பூர்
25-7-1957

அக்கா,

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அந்தத் தூளை இப்போதே வீசுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிறு புண்ணாகி ரத்தம் கசியும். அதிலும் வெறும் வயிற்றில்! மாத்திரை வலியை மறைத்துவிடும். மலம் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நம் உடம்பே துளித்துளியாகச் சுரப்பதுதானாம் அது. வெளியிலிருந்து வந்தால் உள்ளே சுரப்பது தூங்கிப்போகுமாம்; சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். டாக்டர் சொல்லக் கேட்டு மலைத்துப்போனேன்.

உங்களுக்கு ஏதாவது ஆனால் கூட்டிப்போன பாவம் எனக்குத்தான்.

சிவகாமி

மலாக்கா
19-8-1957

சிவகாமி,

உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் கறுப்பாகப் போயிற்று. வலியே இல்லை, நானும் சும்மா இருந்திருப்பேன். படித்ததும் அத்தான் என்னை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். முகம் தெரியாத யாரோ கொடுத்தது, என் நரம்பில் சொட்டுச் சொட்டாய் இறங்கியது. கும்பிடத் தோன்றியது, தெம்பில்லை.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். விரல்கள் மறுபடி விறைக்கின்றன. விறைக்கட்டும்.

பாவம் என்றெல்லாம் எழுதாதே. விரதத்துக்கு முந்தின நாள் மல்லிகாவுக்கு நானே தலைவாரிப் பின்னினேன். பெற்ற பெண்ணின் கூந்தல் இவ்வளவு கனம் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அவள் திரும்பாமலே அழுதாள்.

அந்த டாக்டரிடம் இன்னொரு முறை கூப்பிடு, வருகிறேன். எதை எதோடு விழுங்கலாம் என்று உன்னைக் கேட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

உன் உயிருள்ள அக்கா,
பாக்கியலட்சுமி