புது மண்ணில் முதலாம் வகுப்பு

மாஸ்டர்,

இன்று காலை எழும்பிப் பார்த்தால் மகனின் கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி. சித்திரை வருடம் பிறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. நேற்றுப் பின்னேரம்தான் கோலியர்ஸ் வுட் ஸ்டேசன் வாசலில் பெடியள் அரைக்கைச் சட்டையோடு நின்று ஐஸ்கிரீம் குடித்தார்கள். மகன் திட்டித் திட்டிக் கண்ணாடியைச் சுரண்டினான். நான் உடனே குசினிக்குள் ஓடிப் போய் யன்னலைப் பார்த்தேன். தக்காளிக் கன்றுகள் தயிர் டப்பாக்களில் பத்திரமாக நின்றன. அப்பாடா என்று கதிரையில் இருந்தபோது உங்களுடைய நினைவு வந்துவிட்டது.

மில்லேனியம் கழிந்த அடுத்த வருடம் என்று நினைக்கிறேன், கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கிற அந்தத் தோட்டத் துண்டை உங்கள் பெயரில் எடுத்தீர்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விவசாயம் படிப்பித்து ஓய்வெடுத்தவர், லண்டனில் மகளின் வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் எங்கள் நாலு குடும்பத்தையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். எனக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. என் மனிசன் போய்ச் சேர்ந்த பிறகு மகனோடு வந்து இருந்தேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பொழுதுபடும்வரை நானும் ரிவியும்தான். வாசல் மணி அடித்தால்கூடத் திறக்கமாட்டேன், வெள்ளைக்காரர் நின்றால் என்ன கதைக்கிறது என்ற பயம். அந்தத் துண்டுக்குப் போன பிறகுதான் நானும் ஒரு ஆள் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் அந்த முதல் வருடத்தை என்னால் மறக்க ஏலாது.

முதல் வருடம் சோதனைக் காலம் என்று தோட்டக் கமிட்டி சொல்லியிருந்தது. ஆனி மாதம் வந்து பார்ப்பார்கள், நிலம் பயிரில்லாமல் கிடந்தால் வரிசையில் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். நாங்கள் வீட்டுக்கு வீடு கத்தரியும் மிளகாயும் தக்காளியும் போட்டுக் கன்று வளர்த்தோம். வருடப்பிறப்பன்று நல்ல நேரத்தில் நாள் வேலை செய்வோம், அதாவது அன்றைக்கே நட்டுத் தொடங்கிவைப்போம் என்று எல்லோருக்கும் ஆசை. நீங்கள் குனிந்து மண்ணுக்குள் கையை விட்டுப் பார்த்தீர்கள். "மண் சூடாகீட்டுது. நடலாம்" என்றீர்கள். நீங்கள் சொன்னால் பிறகென்ன? மருத்துநீர் வைத்து முழுகின தலையோடு வந்து நட்டோம். உங்கள் மனைவி மட்டும் காருக்குள் இருந்தபடி தேத்தண்ணிப் போத்தலை நீட்டினா. "உந்தச் சேத்துக்குள்ளை நான் வரமாட்டன்" என்றா.

அடுத்த கிழமை பனி கொட்டியது. போய்ப் பார்த்தால் ஒரு கன்று மிச்சமில்லை, எல்லாம் அவித்த கீரைபோலக் கறுத்துச் சரிந்து கிடந்தன. அவசரக்காரருக்குப் புத்தி மட்டு என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். துண்டு போகப்போகிறது, எனக்குத் திரும்பவும் அந்தச் சுவரும் ரிவியும்தான் என்று அழுதேன்.

நீங்கள் சாட்டுச் சொல்லவில்லை. "பிழை என்ரை. ஊர் மண்ணை நினைச்சுக்கொண்டு இந்த மண்ணிலை கை வைச்சிட்டன்" என்றீர்கள். பிறகு நேரே வேலிக்கு அங்கால் நின்ற பீற்றரிடம் போனீர்கள். பீற்றரை உங்களுக்கு நினைவிருக்கும்தானே, நாள் முழுக்கத் தன் அவரைப் பாத்தியோடு கதைத்துக்கொண்டு நிற்கிற கிழவர்! அவரிடம் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, இங்கே எப்போது எதை நடுவது என்று எனக்குச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டீர்கள். எனக்கு வந்த ஆத்திரம்! ஊரில் நாலு தலைமுறைக்குப் படிப்பித்த மனிசன் இப்படியா போய் நிற்பது?

"என்ன மாஸ்டர், எங்கடை மானம் போகுது" என்றேன்.

"விசர்க் கதை கதையாதையும். புது மண்ணிலை நான் முதலாம் வகுப்பு. தெரியாததைக் கேக்கிறதுக்கு என்ன வெக்கம்?" என்றீர்கள்.

பீற்றர் சொன்னபடி உருளைக்கிழங்கும் வெங்காயமும் அவரையும் போட்டோம். கமிட்டி வந்தபோது துண்டு பச்சையாக நின்றது. தப்பிவிட்டோம். அதற்குப் பிறகு வருடப்பிறப்பு நாள் வேலையை நாங்கள் விடவுமில்லை. நல்ல நேரத்துக்குப் பூசணி விதையை டப்பாவில் ஊன்றி வீட்டு யன்னலில் வைப்போம், பீற்றர் தன் தக்காளியை வெளியே நடுகிற அன்றைக்குத்தான் எங்கள் கன்றுகளும் வெளிக்கிடும்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று நீங்கள் செய்தீர்கள். டாக்டரிடம், கவுன்சிலில், பேரனின் பள்ளிக்கூடத்தில் எனக்காகக் கதைக்க வாருங்கள் என்று கூப்பிட்டால் வருவீர்கள். வந்து வாயே திறக்கமாட்டீர்கள்! "நீர் கதையும். நான் பக்கத்திலை நிக்கிறன்" என்று என் வலப்பக்கத்தில் மரம்போல நிற்பீர்கள். எத்தனை தரம் மனதுக்குள் உங்களைத் திட்டியிருப்பேன். எப்படியோ நாலு சொல், பிறகு நாற்பது சொல் என்று வந்துவிட்டது. என்னைப்போல எத்தனை பேருக்கு.

போன மாரிக் குளிரில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். துண்டு உங்கள் பெயரில் இருந்தது. பெயருக்குரியவர் இல்லையென்றால் அடுத்த ஆளுக்குத்தான் என்று கமிட்டி சொல்லிற்று. மற்றக் குடும்பங்கள் சரி விடுவோம் என்றார்கள். நான் விடவில்லை. கூட்டத்துக்குத் தனியே போனேன். கமிட்டித் தலைவி நல்ல மனுசிதான், ஆனாலும் கேட்டா: இவ்வளவு காலமும் அவர்தானே எல்லாம் பார்த்தார், உங்களுக்குத் தனியாகச் செய்யத் தெரியுமா?

நான் பழக்கதோசத்தில் வலப்பக்கம் திரும்பினேன். அந்தக் கதிரையில் யாரோ மழைக்கோட்டைப் போட்டிருந்தார்கள். பிறகு என் உடைந்த இங்கிலிசில் சொன்னேன்: எல்லாம் தெரியாது. தெரியாததைப் பீற்றரிடம் கேட்பேன். மாஸ்டரும் அப்படித்தான் செய்தவர். பின்வரிசையில் இருந்த பீற்றர் கைத்தடியால் நிலத்தில் தட்டினார். கொஞ்ச நேரம் தங்களுக்குள் கதைத்தார்கள். இப்போது துண்டு என் பெயரில் இருக்கிறது.

ஒன்று சொல்லுவேன், கோபிக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் வாய் திறக்கப் பழக்கிய நீங்கள் வீட்டில் உங்கள் மனைவியை, எங்கள் அக்காவை, அப்படியே விட்டுவிட்டீர்கள். நீங்கள் போன பிறகு அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு ரிவிக்கு முன்னால் இருந்தா. எனக்கு அது தெரிந்த இருப்புத்தானே, பார்த்துக்கொண்டிருக்க ஏலுமோ? போய்ச் சண்டை பிடித்துக் கூட்டிவந்தேன். போன ஞாயிறு உங்கள் சப்பாத்துக்குள் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினா. தன் தக்காளிக் கன்றுகளையும் கொண்டுவந்திருந்தா. நல்ல வெயில்.

"பரிமளம், இண்டைக்கு நடலாமோ?"

"எனக்குத் தெரியாது அக்கா. பீற்றரைக் கேளுங்கோ."

"ஐயோ, எனக்கு இங்கிலிஷ் வராது. நீர் கேளும்."

"ஏலாது. நான் பக்கத்திலை நிக்கிறன்."

என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! கடைசியில் கன்றைத் தூக்கிக் காட்டி, "பீற்றர், டுடே ஓகே?" என்றா. அவர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி, "நொட் யெற்" என்றார். அக்கா என் பக்கம் திரும்பி, எனக்கு விளங்காததுபோல, "இன்னும் இல்லையாம்" என்று சொன்னா. ஓமோ என்று கேட்டுக்கொண்டேன். கன்றுகளைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோனா.

சற்று முன்னர் போன் அடித்தது. அக்காதான். உங்களுடைய காரியங்கள் முடிந்த பிறகு அந்தக் குரலில் நான் சந்தோசத்தைக் கேட்டதே இல்லை.

"பரிமளம், வெளியிலை பாத்தனீரே? ஒரே பனி! நல்லகாலம் நான் கேட்டது."