நீ வரையாத ஒன்பது படங்கள்

என் பக்கத்து நாற்காலி நசீமாவுக்கு,

நீ மண்ணுக்குள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாதம் நீ ஒன்பது படம் வரைந்து, கையெழுத்தும் போட்டிருக்கிறாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சிரிக்காதே.

நம் ஆம்பூர் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். நல்ல மனுஷன்தான், அவசரம்தான் ஜாஸ்தி. ஷூ பெட்டிக்குள் வைக்க நாம் படக்கார்டு வரைவோமே, கீழே "கையால் வரைந்தது" என்று அச்சடிப்பார்களே, அதை நம் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையர் இந்த சீசனுக்கும் கேட்டார். பன்னிரண்டு படம். நான் ஒருத்தியாக மூன்று முடிப்பதற்குள் மேனேஜர் உன் பழைய படங்களையெல்லாம் ஏஐ செயலியில் போட்டு, புது மாடல்களுக்கு இதே மாதிரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மிச்சம் ஒன்பதும் வந்துவிட்டன.

அழகாக இருந்தன நசீமா, அதுதான் வயிற்றெரிச்சல். தையல் ஓரத்தில் நீ போடும் மெல்லிய நிழல்கூட இருந்தது. வலது மூலையில் உன் கையெழுத்தும் இருந்தது. உருதுவில் கிறுக்குவாயே, அதே வளைவு, ஆனால் எழுத்தாகப் படிக்க முடியவில்லை. ஷூ லேஸ் மாதிரி அதுவும் படத்தில் ஒரு கோடு என்று செயலி எடுத்துக்கொண்டது போலிருக்கிறது.

"சார், இது நசீமா கையெழுத்து. அவ இத வரையலியே?" என்றேன்.

"அவங்க படத்துல இருந்து தான மேடம் வந்துது? அவங்களுக்கும் மரியாதைதான். கையெழுத்த இன்னா, பூதக்கண்ணாடி வச்சா பாக்கப் போறாங்க?"

என் மூன்றையும் அந்த ஒன்பதோடு சேர்த்துக் கொடுத்தேன். பன்னிரண்டும் அச்சுக்குப் போயின.

கம்ப்யூட்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. டேப்லெட்டை முதலில் தொட்டவளே நீதான். நான் பேப்பரைக் கட்டிக்கொண்டு அழுதபோது, "இன்னாடி பேஜார் உனக்கு? பேனா பிளாஸ்டிக்கா இருந்தா இன்னா, கை என்னுதுதானே?" என்று அதட்டினாய். கடைசி நாலு வருஷமும் அதில்தான் வரைந்தாய். பழைய பேப்பரெல்லாம் ஸ்கேன் எடுத்ததோடு குப்பைக்குப் போனது. உன் கைபட்டது என்று எடுத்துக் காட்ட இப்போது என்னிடம் என்ன இருக்கிறது, சொல்.

உனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சாம்பிள் ஷூ மேஜைக்கு வராமல் ஒரு கோடு போட மாட்டாய். அந்த ஆட்டுத்தோலில் முள் கிழித்த தழும்பு இருந்தால் அதையும் விடாமல் வரைவாய். செயலி அதையும் பிடித்துக்கொண்டது. ஒன்பது ஷூவிலும் அதே இடத்தில், அதே நீளத்தில், ஒரே தழும்பு! ஒன்பது ஆடும் ஒரே முள்ளிலா போய் மாட்டும்? தோல் ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான், அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தேன். பையர் இன்னும் கவனிக்கவில்லை.

இதோடு போயிருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். போன வெள்ளிக்கிழமை வாணியம்பாடிக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மகள் ஆயிஷா பேனா தேடி என் பையைத் துழாவினாள். கார்டுக் கட்டு அதில்தான் இருந்தது. ஆறாவது படிக்கிறாள் இப்போது, நெற்றி அப்படியே உன்னுடையது. ஒரு கார்டை எடுத்து மூலையைத் தடவிப் பார்த்தாள். உன்னை அம்மி என்பாள், என்னைத் தன் அம்மாவின் தங்கையாகவே நினைத்துக் காலாம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

"காலாம்மா, இந்த ஷூவ நான் பாத்ததே இல்லியே. அம்மி எப்ப வரைஞ்சாங்க?"

"முன்னாடியே வரைஞ்சு வச்சிருந்தா கண்ணு" என்றேன்.

எப்படி வந்தது அந்தப் பொய் என் வாயில்? அவள் குதித்துக்கொண்டு போய் அதை பீரோ கதவில் ஒட்டினாள். "இன்னும் இருக்குதா? அம்மி வரைஞ்சது எல்லாமே எனக்கு வேணும்" என்றாள்.

சொன்னால் அவள் மனசு உடையும். சொல்லாவிட்டால் சீசனுக்குச் சீசன் உன் பேரில் புதுப் படம் வரும், அவள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே இருப்பாளே? அந்தக் கதவில் கடைசியில் நீ எங்கே இருப்பாய்?

உன் நிஜப் படங்களையாவது பிரித்துக் கொடுக்கலாம் என்று நேற்று மத்தியானம் உட்கார்ந்தேன். மேனேஜர் உன்னுடையது, செயலி சோதனைக்குப் போட்டது எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி வைத்திருக்கிறார். ரேக்கிலிருந்து பழைய சாம்பிள்களை இறக்கி, ஷூவில் இருக்கும் தழும்பையும் படத்தில் இருக்கும் தழும்பையும் ஒத்துப் பார்த்தேன். அதே ஒரே தழும்பு திரும்பத் திரும்ப வந்ததையெல்லாம் ஒதுக்கினேன். நாற்பத்தொன்று உன்னுடையது, சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுவேன். லேஸ் இல்லாத ஷூ, ஒரே ஒரு பெண்கள் லோஃபர் படம் மட்டும் மிஞ்சியது. அதற்குச் சாம்பிளும் இல்லை, படத்தில் தழும்பும் இல்லை. பதினோரு வருஷம் உன் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான். எனக்கே தெரியவில்லை நசீமா. அது நீயா?

இன்று காலை மேனேஜரிடம் போனேன். "நசீமா கையெழுத்த எடுத்துடுங்க சார். கையால வரைஞ்சதுன்றதையும் எடுத்துடுங்க" என்றேன்.

"பையர் கேட்டா இன்னா மேடம் சொல்றது?"

"நடந்தத சொல்லுங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். என் வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை.

நாளை வெள்ளி. ஆயிஷா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் அங்கே இருப்பேன். நான் சொன்னது பொய் என்று முதலில் சொல்வேன். நாற்பத்தொன்றையும் அவள் மடியில் வைப்பேன். அந்த லோஃபரைத் தனியாகக் காட்டுவேன். அம்மி வரைஞ்சதா என்று கேட்டால், "தெரியல கண்ணு" என்பேன். அழுதாலும் எழுந்து வர மாட்டேன். இனிமேல் வராதே என்றாலும் அடுத்த வெள்ளியும் போவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நாளைக்குப் பிறகும் அவள் அப்படிக் கூப்பிடுவாளா என்ற பயத்தோடு,
ஆயிஷாவின் காலாம்மா,
கோமதி