பத்துத் துண்டு சேரட்டும்

2004 மாசி 3, செவ்வாய்

வேலணையில் ஏறின கோபிகா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். நான் பல்கலைக்கழக நூலகத்தில் தூசு தட்டுகிறவள், அவள் அதே கம்பஸில் தற்காலிக விரிவுரையாளர். ஆனால் பஸ்ஸுக்குள் நான் சொல்கிற பகிடிக்கு முதல் ஆளாய்ச் சிரிக்கிற பிள்ளை. இன்றைக்கு இல்லை. “என்ன பிள்ளை, பொம்பிளை பார்க்க வந்தவை தேத்தண்ணியையும் குடிச்சிட்டு ஓடிட்டினமோ?” என்று கேட்டும் அசையவில்லை. பண்ணைப் பாலத்தில் ஆமிச் சோதனைக்கு இறங்கி ஏறின பிறகுதான் வாய் திறந்தாள்.

விஷயம் இதுதான். மூன்று வருஷமாய் வேலணைக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து அளக்கிறாள். மோட்டர் வைத்து இறைக்கிற இடங்களில் உப்பு எப்படி ஏறுகிறது என்று ஆராய்ச்சி. அதை வைகாசி முடியமுதல் எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்கு. இப்போது பார்த்தால் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் அதே தலைப்பில் ஒரு கட்டுரை வந்திருக்கிறதாம். சுண்ணாம்புக்கல் தீவு, மோட்டர், கிணற்று உப்பு, எல்லாம் அப்படியே. கணினியில் தலைப்பு மட்டும் தெரிகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் காசு கட்டவேண்டும்.

“அவை செய்து முடிச்சிட்டினம் எண்டால், நான் செய்ததெல்லாம் சும்மா அக்கா.”

அவளுடைய பேராசிரியரும் சொல்லிவிட்டாராம், அந்தக் கட்டுரையைப் பார்க்காமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று.

மூன்று வருஷம் அள்ளின தண்ணீரை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது?

மாசி 5

வழி இருக்கிறது. முந்தி எங்கள் நூலகம் வருஷக் காசு கட்டி முழுச் சஞ்சிகையாய் எடுக்கும். பாதியை ஒருவரும் திறப்பதில்லை — தூசு தட்டுகிற எனக்குத் தெரியாதா. இந்த வருஷம் புது ஏற்பாடு. ஆருக்கு எந்தக் கட்டுரை தேவையோ, கேட்கிறபோது அதை மட்டும் கணினியில் வாங்குகிறது. கொழும்பில் ஒரு கந்தோர் காசு கட்டும். எந்தக் கட்டுரை என்று ஒரு துண்டு நிரப்பிக் கொடுத்தால் போதும்.

கோபிகா நிரப்பினாள். நானே கொண்டுபோய் நூலகர் பாலசிங்கம் சேரின் மேசையில் வைத்தேன். கட்டுரை வந்தமாதிரித்தான் என்று அவளுக்குச் சொல்லியும் விட்டேன். வாய்க்கு என்ன கேடு.

மாசி 16

துண்டு வைத்த இடத்திலேயே கிடக்கிறது.

“இதோடை நாலுதான், ஜசிந்தா. பத்துச் சேரட்டும். ஒரேயடியாய் ஓடர் போடுவம்.”

“ஏன் சேர் பத்து?”

“எப்பவும் அப்பிடித்தானே.”

எப்போதும் என்றால், சண்டையில் கொழும்புப் பாதை பூட்டிக் கிடந்த காலம். புத்தகம், மை, கடதாசி எல்லாம் கப்பலில்தான் வந்தன. கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. அதனால் சேர் கேட்டவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டி வைப்பார். அது அந்த நேரத்துப் புத்தி, குறை சொல்ல ஏலாது. ஆனால் பாதை திறந்து இரண்டு வருஷம்.

“சேர், இது கரண்டிலை வாற சாமான். நீங்கள் இன்னும் துறைமுகத்திலை நிக்கிறியள்.”

அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். “ஒண்டு ஒண்டாய்க் கேட்டால் கொழும்பிலை இருக்கிறவை என்ன நினைப்பினம்? இவங்களுக்கு ஒரு ஒழுங்கு தெரியாது எண்டு நினைப்பினம்.”

பங்குனி 1

துண்டு ஐந்துதான். ஒரு மாதத்துக்கு ஒன்று என்றால் ஆவணியில்தான் பத்துச் சேரும்.

படித்த ஆட்கள் ஏன் கேட்பதில்லை? இன்ன கட்டுரை வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது, இன்னது எனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தமாதிரி நினைக்கிறார்கள் போல. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த வெட்கம் இல்லை. சேர் மறிக்கிறார், மற்றவர்கள் வெட்கப்படுகிறார்கள், நடுவில் அந்தப் பிள்ளை பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருகிறாள்.

பங்குனி 9

தேத்தண்ணி கொண்டுபோகிற தட்டில் வெறும் துண்டுகளையும் வைத்துக்கொண்டு போனேன்.

பொருளியல் பேராசிரியர் தம்பிராசா சேரிடம், “உங்கடை அலுமாரியிலை கறையான்தான் சேர் கடைசியாய்ப் படிச்சது, அதுவும் பாதியிலை விட்டிட்டுது” என்றேன். “நீர் சரியான வாய்க்காரி” என்றார். பிறகு பேனையை எடுத்து ஒன்று எழுதித் தந்தார். தலைப்பைப் பார்த்து எழுதினாரோ, சும்மா எழுதினாரோ. எனக்கு என்ன? ஆறு.

வீட்டில் இதைச் சொல்ல என்ரை மனுசன் பத்திநாதர் வலையிலிருந்து நிமிர்ந்து பார்த்து, “துறையிலை மீனை ஏலம் கூறுறமாதிரி நீ அங்கை கட்டுரை கூறித் திரியிறாய்” என்றார். மீன் என்றாலும் செவுளைக் கிளப்பிப் பார்த்து வாங்கலாம். இது பொதியோடு வாங்குகிற மீன். காசு கட்டின பிறகுதான் பழுதோ நல்லதோ தெரியும்.

பங்குனி 24

பத்து! ஓடிப்போய்க் கொடுத்தேன்.

சேர் பத்தையும் மேசையில் பரப்பினார். பரப்பி, ஆளின் தரத்துக்கு அடுக்கினார். பேராசிரியர்மார் மேலே, பிறகு மூத்த விரிவுரையாளர்கள், தற்காலிகம் அடியில். பிறகு கொழும்புக்குப் போன் எடுத்தார். டொலர் ஏறிவிட்டதாம். இந்த வருஷத்துக்கு ஒதுக்கின காசு ஒன்பதுக்குத்தான் காணும். மிச்சம் அடுத்த வருஷம்.

அடியில் கிடந்தது கோபிகாவின் துண்டு.

நான் போய் ஆட்களைக் கிளப்பாமல் இருந்திருந்தால்? அப்பவும் வந்திராது. கிளப்பினதாலையும் வரேல்லை. அவளுக்காகச் சேர்த்தன், சேர்த்தவையே அவளை மிதிச்சுக்கொண்டு மேலை ஏறிட்டினம். என்ன விசர் வேலை இது? சேரோடை கத்தலாம் எண்டு போனன் — அவர் பாவம், அடிமட்டத்தாலை கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு இது நீதி.

பின்னேர பஸ்ஸில் கோபிகாவுக்குச் சொன்னேன். “பரவாயில்லை அக்கா” என்றாள். வேலணையில் இறங்க மறந்து, என் ஊர் கரம்பொன் வரைக்கும் என்னோடு வந்துவிட்டாள்.

பங்குனி 25

தம்பிராசா சேரிடம் போனேன். சுற்றி வளைக்கவில்லை.

“சேர், நீங்கள் கேட்ட கட்டுரை உங்களுக்கு உண்மையாய்த் தேவையோ?”

“நீர்தானே எழுதச் சொன்னனீர்?”

“ஓம், நான்தான். இப்ப வேண்டாம் எண்டு எழுதச் சொல்லுறன்.” கோபிகாவின் கதையைச் சொன்னேன்.

அவருடைய முகம் சிவந்தது. “தேவையில்லாமல் கேட்டனான் எண்டு நான் எழுதித் தரவோ? என்ரை பேருக்கு என்ன மரியாதை?”

தேத்தண்ணியைத் தொடவில்லை. திருப்பிக் கொண்டுவந்து நானே குடித்தேன். சீனி கூடிப்போச்சு.

பங்குனி 31

தம்பிராசா சேரிடமிருந்து ஒன்றும் இல்லை. கோபிகா இரண்டு நாளாய் பஸ்ஸில் வரவில்லை.

சித்திரை 5, பெரிய கிழமை திங்கள்

ஓடர் போடுகிற நாள். சேர் கணினிக்கு முன்னால் இருந்து, மேல் துண்டை எடுக்க, தம்பிராசா சேர் உள்ளே வந்தார். நான் அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தட்டின தூசையே திரும்பத் தட்டினேன்.

“பாலசிங்கம், என்ரை துண்டை எடுத்துவிடும். அது நான் இங்கிலாந்திலை இருக்கேக்கையே வாசிச்ச கட்டுரை. பேந்துதான் ஞாபகம் வந்தது.”

துண்டிலேயே எழுதியிருக்கிறது, அது போன வருஷம் வந்த கட்டுரை. அவர் இங்கிலாந்திலிருந்து வந்தது எனக்குக் கலியாணம் நடக்க முதல். பாலசிங்கம் சேர் அதைப் பார்த்தார், அவரையும் பார்த்தார், “ஓம் சேர், அப்பிடி நடக்கிறதுதான்” என்று எடுத்துவிட்டார். வெளியே போகிறபோது தம்பிராசா சேர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நல்ல மனுசன்.

மிச்ச ஒன்பதும் தேத்தண்ணி ஆறமுதல் வந்து முடிந்தன. சேர் கைகட்டிக்கொண்டு கணினியைப் பார்த்தார். “இவ்வளவுதானோ?” என்று என்னிடம் கேட்டார். நான் பகிடி விடவில்லை. அந்த நேரம் விடக்கூடாது.

நல்லகாலம், கோபிகா இன்றைக்கு வந்திருந்தாள். கூப்பிட்டுவிட்டேன். அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தாள். இரண்டரைப் பக்கம். அதில் ஒரு பக்கம் படம். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

“என்னவாம் பிள்ளை? செய்து முடிச்சிட்டினமோ?”

“இல்லை அக்கா.” விரலை எடுக்காமலே சொன்னாள். “இப்பிடியான தீவுகளிலை ஆரும் ஒருத்தர் வருஷக்கணக்காய் அளந்து பார்க்கவேணும் எண்டு எழுதியிருக்கினம்.”

“அப்ப?”

“நான் அளந்திட்டன்.”

வைகாசி 28

கோபிகா, பேராசிரியர் கையெழுத்து வைத்த ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கம்பஸ் கந்தோரில் கொடுத்துவிட்டு ஓடிவந்து பஸ் ஏறினாள். தீவுக்குள் வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, உங்கடை கரம்பொன்னிலை ஆர் ஆர் மோட்டர் வைச்சு இறைக்கினம்?”

“ஏன் பிள்ளை, என்ரை ஊரையும் விடமாட்டீரோ?”

“ஞாயிற்றுக்கிழமை வரட்டோ?”

பூசை முடியட்டும், பிறகு வாரும் என்றேன். வாளியையும் நீரே கொண்டுவாரும் என்றும் சொன்னேன்.